கொட்டேஷனில் எழுதாதவை: முதல் கேமிங் கணினிக்குப் பாகம் பொறுக்குவது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்குள் நுழைந்து "கேமிங் சிஸ்டம் ஒண்ணு வேணும்ணே, அறுபதுக்குள்ள முடியணும்" என்று சொன்னாலும், ஐந்து நிமிடத்தில் ஒரு துண்டுச் சீட்டு கைக்கு வந்துவிடும். ஐ5 பிராசசர், 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராபிக்ஸ், 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பாகம்), ஆர்ஜிபி கேபினட் (வண்ண விளக்கு வைத்த கூடு). மொத்தம் ஆறு வரி. ஒரு வரியில்கூடப் பொய் இருக்காது. ஆனால் இதே ஆறு வரிக்குள் பத்து வருடப் பழைய அலுவலகக் கணினியையும் அடைக்கலாம், இன்னும் ஐந்து வருடம் தாக்குப்பிடிக்கும் நல்ல கணினியையும் அடைக்கலாம். எது என்பது சீட்டில் எழுதாமல் விட்ட எண்ணிலும் எழுத்திலும்தான் இருக்கிறது. அந்தச் சீட்டை வரி வரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

கடைக்குப் போவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது மானிட்டர். பலரும் பெட்டியை வாங்கிவிட்டு மிச்சக் காசுக்கு மானிட்டர் தேடுகிறார்கள். கணக்கு தலைகீழ். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள், 1440பி திரையில் 36.8 லட்சம், 4கே திரையில் 83 லட்சம். கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் அத்தனை புள்ளிகளையும் வரைந்தாக வேண்டும். முதல் கணினிக்கு, இந்த பட்ஜெட்டுக்கு, 1080பி ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காத திரை வகை) மானிட்டர், 144 அல்லது 165 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை படம் மாறும்) என்று முடித்துவிடுங்கள். வாலரண்ட், கவுண்டர் ஸ்டிரைக் 2 போன்ற விளையாட்டுகள் ஓடுவதற்குக் கார்டைவிட பிராசசர்தான் அதிகம் உழைக்கும். சைபர்பங்க் 2077 மாதிரியானவற்றில் பாரம் பெரும்பாலும் கார்டின் தலையில். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமை முடிக்க 16.7 மில்லிசெகண்ட் நேரம் உண்டு. 144 வேண்டுமென்றால் 6.9தான். உங்கள் விளையாட்டு இதில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் வாங்கினால், பணம் தேவையில்லாத பாகத்தில் போய் உட்காரும்.

மானிட்டரைத் தனியாக வைத்துவிட்டு, பெட்டிக்கு மட்டும் 60,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் ஏறக்குறைய 24,000 கார்டுக்கு. பிராசசரும் மதர்போர்டும் (எல்லாப் பாகங்களும் செருகும் பலகை) சேர்த்து 17,000 முதல் 18,000. மீதி 18,000 சொச்சத்தில் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் நான்கும் அடங்க வேண்டும். 2025 கடைசியில் ராம் விலை எகிறத் தொடங்கியதிலிருந்து இந்த மூன்றாவது பங்குதான் திணறுகிறது. ஏஐ தரவு மையங்கள் நினைவக சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் தன் குரூசியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து விலக்குவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பணம் இடித்தால் முதலில் வெட்ட வேண்டியது கேபினட். அடுத்து எஸ்எஸ்டியின் அளவு. எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்கவே கூடாது. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சீட்டில் மிகவும் ஏமாற்றும் வரி "4 ஜிபி கிராபிக்ஸ்". ஜிபி என்பது கார்டின் வேகம் கிடையாது, அது வைத்துக்கொள்ளும் நினைவகத்தின் கொள்ளளவு மட்டுமே. ஜிடி 730 கார்டிலும் 4 ஜிபி பதிப்பு உண்டு. 2014இல் வந்த அந்தக் கார்டு திரையில் படம் காட்டும், யூடியூப் ஓட்டும், அதோடு சரி. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டிலும் 4 ஜிபிதான், அது 2022இல் வந்தது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே கடையில் கேட்க வேண்டியது மாடலின் முழுப் பெயர், வால் எழுத்து உட்பட.

வால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தொழிலில் வித்தியாசமெல்லாம் வாலில்தான் ஒளிந்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உண்டு. 2022இல் வந்தது 8 ஜிபி, 2560 கூடா கோர்கள் (கார்டுக்குள் கணக்குப் போடும் அலகுகள்), 130 வாட்ஸ். 2024இல் வந்தது 6 ஜிபி, 2304 கோர்கள், 70 வாட்ஸ். நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. "2 ஜிபிதானே கம்மி தம்பி" என்பார்கள். குறைந்தது அது மட்டுமில்லை, வேகமும் சேர்ந்து குறைந்தது. ஆனால் 6 ஜிபி கார்டுக்கும் ஒரு நியாயமான இடம் உண்டு. அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் தேவையில்லை. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய டெல், எச்பி அலுவலகப் பெட்டியில் செருகி விளையாட நினைப்பவருக்கு அது சரியான கார்டு. புதிதாக அசெம்பிள் செய்கிறவருக்கு இல்லை. ஆர்டிஎக்ஸ் 3060இலும் இதே கூத்து: 12 ஜிபி பதிப்புக்கு 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி பதிப்புக்கு 128 பிட்.

இன்றைக்கு 1080பிக்கு 8 ஜிபி என்பது அடித்தளம். 4 ஜிபி கார்டில் புதிய பெரிய விளையாட்டைப் போட்டால் சராசரி ஃபிரேம் எண் பார்க்கச் சுமாராக இருக்கும், ஆனால் திரும்பும்போதெல்லாம் விக்கும். டெக்ஸ்சர் (விளையாட்டில் பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) கார்டின் நினைவகத்தில் கொள்ளாமல் ராமுக்கும் கார்டுக்கும் இடையே அலைந்துகொண்டிருப்பதுதான் காரணம். அந்த அலைச்சலுக்கான பாதை குறுகலாக இருந்தால் இன்னும் மோசம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 பிசிஐ எக்ஸ்பிரஸ் (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) தடங்களை மட்டும் பயன்படுத்துகிறது. அதை அந்தப் பாதையின் 4.0 தலைமுறை போர்டில் செருகினால் ஒருவாறு சமாளிக்கும், 3.0 போர்டில் செருகினால் பாதை பாதியாகிவிடும். குறைந்த விலைக் கார்டு வாங்குபவரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய 3.0 போர்டுதான். யாருக்காகச் செய்தார்களோ அவர்களுக்கே ஒத்துவராத கார்டு அது.

இந்த விலையில் பார்க்கத் தகுந்தவை சில. ஆர்எக்ஸ் 6600 (8 ஜிபி, 132 வாட்ஸ், ஒரே ஒரு 8 பின் வயர்) 2021இல் வந்த கிழவன் என்றாலும் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050ஐத் தெளிவாக முந்தும். கொஞ்சம் நீட்ட முடிந்தால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060. இன்டெல் ஆர்க் பி580இல் 12 ஜிபி கிடைக்கும், ஆனால் அது ரீசைசபிள் பார் என்ற பயாஸ் (கணினியை எழுப்பும் உள் மென்பொருள்) வசதி இல்லாத பழைய போர்டில் படுத்துவிடும், மெதுவான பிராசசரோடும் ஒத்துப்போகாது. விலைச் சரிவில் கிடைக்கிறதே என்று பழைய கணினிக்கு அதை வாங்கி நொந்துகொள்ள வேண்டாம்.

பழைய கார்டு வாங்குபவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் மைனிங் முறையை (கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் ஈட்டுவது) கைவிட்டதும், ஆயிரக்கணக்கான கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டு கெட்டுவிடாது. தேய்வது ஃபேன் பேரிங், காய்ந்துபோவது நினைவக சில்லுகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடு. இரண்டையும் மாற்றலாம். மாற்ற முடியாதது பொய்ப் பெயர். பத்து வருடத்துக்கு மேல் பழைய ஏதோ ஒரு கார்டின் பயாஸை மாற்றி எழுதி "1050 டிஐ" என்று விற்கிறார்கள். விண்டோஸும் அதை நம்பிவிடும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் இப்படிப்பட்ட என்விடியா போலிகளின் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டும். ஆர்எக்ஸ் 580 வாங்கினால் ஷேடர் (கணக்குப் போடும் அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 என்றால் அசல் 580. 2048 என்றால் அது உள்ளுக்குள் 570. கடையிலேயே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை 15 நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெறித்தால், கறுப்பாகி மீண்டால், விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அடுத்த வரி "ஐ5 பிராசசர்". ஐ5 என்ற பெயர் 2009இலிருந்து இருக்கிறது. 2012இல் வந்த ஐ5-3470உம் ஐ5தான், 2022இன் ஐ5-12400எஃப்உம் ஐ5தான். முன்னது 4 கோர் (வேலை பார்க்கும் மூளை), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). பின்னது 6 கோர், 12 த்ரெட், அதிலும் ஒவ்வொரு கோரும் பல மடங்கு வேலை பார்க்கும். "ஐ7, 16 ஜிபி" என்று முகநூல் மார்க்கெட்பிளேசில் வரும் மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லை. அது இல்லாவிட்டால் சில புதிய விளையாட்டுகள் தொடங்கவே மறுக்கும். விண்டோஸ் 11 முறையாக ஏறுவதற்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது, ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11இல் வாலரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் பயாஸில் இயங்க வேண்டும். எண்ணில் பெரிய பழைய ஐ7ஐ விட, எண்ணில் சிறிய புதிய ஐ3 மேல். ஐ3-12100எஃப், 2017இல் உச்சத்தில் இருந்த ஐ7-7700கேயை விளையாட்டில் முந்தும்.

எஃப் என்ற வாலுக்கு உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். தனிக் கார்டு வாங்குபவருக்கு அதனால் நட்டமில்லை, விலையும் குறையும். ஒரே சிக்கல், கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போகும் இரண்டு மூன்று வாரமும் திரை இருட்டு. படிக்கிற பிள்ளைக்கும் இதே கணினிதான் என்றால், எஃப் இல்லாததற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவாகாது.

ஏஎம்டி பக்கம் வால்கள் இன்னும் வழுக்கும். ரைசன் 5 5600, 5500, 5600ஜி மூன்றும் 6 கோர், 12 த்ரெட். ஆனால் 5600இல் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி, மற்ற இரண்டிலும் 16 எம்பி. விளையாட்டில் கேஷ்தான் சோறு போடும். 5600 பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 கொடுக்கும், மற்ற இரண்டும் 3.0. 5500க்கும் 5600க்கும் விலை வித்தியாசம் 2,000 ரூபாய்க்குள் என்றால் யோசிக்காமல் 5600. புதிய ஏஎம்5 சாக்கெட்டிலும் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) இதே கதை: 8400எஃப் என்பதன் எல்3 16 எம்பி, கார்டுக்கு 8 தடங்கள் மட்டும். 7500எஃப்இல் 32 எம்பி, முழு 16 தடங்கள். எண் பெரியது எது என்று பார்த்து வாங்கினால் தவறானதைத்தான் எடுப்பீர்கள்.

கார்டுக்கே பணமில்லை, 35,000தான் இருக்கிறது என்றால் 5600ஜி ஒரு நேர்மையான வழி. உள்ளே இருக்கும் வேகா 7 கிராபிக்ஸில் வாலரண்ட், ஜிடிஏ 5 போன்றவை குறைந்த செட்டிங்கில் நன்றாகவே ஓடும். கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஏஎம்4 (5600 வகையறா உட்காரும் முந்தைய சாக்கெட்) வாங்குவதா, ஏஎம்5 வாங்குவதா என்ற கேள்விக்கு, ராம் விலை இப்படி இருக்கும்வரை என் பதில் ஏஎம்4. ஏஎம்5இல் டிடிஆர்5 வகை ராம் மட்டுமே போட முடியும். ஏஎம்4இல் டிடிஆர்4, அது பழைய சந்தையிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பிராசசரைப் பின்னால் மாற்றி மேம்படுத்தும் வசதிக்காக ஏஎம்5 வாங்கச் சொல்பவர்கள் சொல்வது தவறில்லை. ஆனால் முதல் கணினி வாங்குபவர் இரண்டு வருடம் கழித்து மாற்றுவது பெரும்பாலும் கார்டைத்தான்.

இனி சீட்டில் இல்லவே இல்லாத ஏழாவது வரி: மதர்போர்டு. விலையைக் குறைத்துக் காட்டக் கடைக்காரருக்கு வசதியான இடம் இது. பி550 போர்டு கேட்டவருக்கு ஏ520 போர்டு வரும். ஏ520, பி450 இரண்டிலும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0தான். 5600 போட்டாலும் 4.0 கிடைக்காது. இன்டெல் பக்கம் எச்610 போர்டில் ராமுக்கு இரண்டே இடம், எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும் வகை) எஸ்எஸ்டிக்கு 3.0 வேகம். 12100எஃப், 12400எஃப் போட அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று பயாஸ் பதிப்பு. வெகுநாள் அலமாரியில் கிடந்த பி450 போர்டில் 5600ஐப் போட்டால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. போர்டும் பழுதில்லை, பிராசசரும் பழுதில்லை. அந்த பயாஸ் எழுதப்பட்டபோது அந்த பிராசசர் பிறக்கவே இல்லை. வாங்கும்போதே கடையில் பயாஸை மேம்படுத்தித் தரச் சொல்லுங்கள். அல்லது பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள். பிராசசர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து ஏற்றிக்கொள்ளும்.

"16 ஜிபி ராம்" என்றால் இரண்டு 8 ஜிபியா, ஒரே 16 ஜிபியா? ஒரே குச்சி என்றால் நினைவகப் பாதை ஒன்றுதான் திறந்திருக்கும். இரண்டு என்றால் இரு பாதை. பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். 5600ஜி மாதிரி உள்ளே கிராபிக்ஸ் உள்ளவற்றில் ஒற்றைக் குச்சி என்பது கைகாலைக் கட்டி ஓடச் சொல்வது. ஏனென்றால் ராம்தான் அதற்கு வீடியோ நினைவகமும். டிடிஆர்4 என்றால் 3200 வேகம், சிஎல்16 (ராமின் தாமதத்தைச் சொல்லும் எண்). நான்கு இடம் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும்.

பணம் கட்டி 3200 வாங்கியவர்களில் பல பேர் 2133 அல்லது 2666 வேகத்தில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ராம் தன் முழு வேகத்தில் தானாக ஓடாது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி (ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி அல்லது எக்ஸ்போ) என்பதை இயக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் என்ன வேகம் காட்டுகிறது என்று இப்போதே பாருங்கள்.

பழைய சந்தையில் அச்சமில்லாமல் வாங்கக்கூடிய பாகம் ராம்தான். தேய்மானம் இல்லை, போலி குறைவு. மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளைப் பென் டிரைவில் போட்டு முழுச் சுற்று ஓட்டி, ஒரு பிழைகூட வராவிட்டால் அது நல்ல ராம்.

எஸ்எஸ்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்விஎம்இ வகை எம்.2 வாங்குங்கள். பார்க்க அதே மாதிரி இருக்கும் சாட்டா வகை எம்.2 உண்டு, விலை சமம், வேகம் ஆறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. பெரிய விளையாட்டுகள் தலைக்கு 100 ஜிபியைத் தாண்டுவதால் 500 ஜிபி சீக்கிரம் நிறையும். ஆனால் இன்னொரு எஸ்எஸ்டி பிறகு சேர்ப்பதுதான் இந்தப் பெட்டியிலேயே சுலபமான வேலை.

"500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்." இந்த வரியில்தான் பணமும் போகும், சில சமயம் போர்டும் சேர்ந்து போகும். பெட்டியின் மேல் எழுதிய எண்ணை மறந்துவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படியுங்கள். +12வி என்ற கட்டத்தில் எத்தனை ஆம்பியர்? பிராசசரும் கார்டும் தின்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டிலிருந்துதான். 12ஐ அந்த ஆம்பியரால் பெருக்கினால் உண்மை வாட்ஸ். கேபினட்டோடு இலவசமாக வரும் "450 வாட்ஸ்" வகையில் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 12 × 16 = 192. அவ்வளவுதான் அதன் சத்து. ஆர்எக்ஸ் 6600 132 வாட்ஸ், ரைசன் 5600 அதிகபட்சம் 76 வாட்ஸ், போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி சேர்ந்து ஒரு 40. கூட்டினால் 248. 192 எங்கே, 248 எங்கே! வேர்ட் ஃபைல் அடிக்கும்போதும் படம் பார்க்கும்போதும் ஒன்றும் தெரியாது. விளையாட்டு ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம் கணினி பட்டென்று அணைந்து தானாக மறுபடி எழும். கார்டு மோசம், விண்டோஸ் வைரஸ் என்று ஊரெல்லாம் சந்தேகப்பட்ட பிறகுதான் எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்வை திரும்பும்.

நல்ல நிறுவனத்தின் 550 வாட்ஸில் +12வி 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் என்ற முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா, கெபாசிட்டர் தரமானதா என்பதை அது சொல்லாது. அதற்கு வாரன்டி காலம் ஓரளவு துப்பு: ஐந்து வருடம் தரும் நிறுவனம் தன் சரக்கின் மேல் கொஞ்சமாவது நம்பிக்கை வைத்திருக்கிறது.

கார்டுக்கான 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேரடியாக வர வேண்டும். வயர் இல்லையே என்று கேட்டால் "கன்வெர்ட்டர் போட்டுக்கலாம்" என்று ஒரு சாட்டா இணைப்பு மாற்றியைக் கொடுப்பார்கள். சாட்டா பவர் இணைப்பின் 12 வோல்ட் வழியில் போகக்கூடியது அதிகபட்சம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட்ஸ். 6 பின் இணைப்பின் கணக்கு 75 வாட்ஸ், 8 பின்னின் கணக்கு 150. மீதிக்கு அந்தச் சின்ன பிளாஸ்டிக் உருகும். கருகல் வாசம் வந்த பிறகு பில்லைத் தேடிப் பயனில்லை.

கேபினட் விஷயத்தில் ஒரே ஒரு விதி: முகப்பு வலையாக இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம். நம் ஊரில் மே மாதம் அறைக்குள்ளேயே 36, 37 டிகிரி. கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. 25 டிகிரி அறையில் 70இல் நிற்கும் பிராசசர் 37 டிகிரி அறையில் 82இல் நிற்கும். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, போதும். கார்டின் நீளத்தையும் கேபினட் அனுமதிக்கும் நீளத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள்.

அசெம்பிள் செய்வது பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. கேபினட்டுக்குள் ஏற்றுவதற்கு முன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து பிராசசர், கூலர், ராம், கார்டு மட்டும் பொருத்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் பத்து ஸ்க்ரூ கழற்றாமல் தெரிந்துவிடும். ஏஎம்4இல் பின்கள் பிராசசரின் அடியில், ஏஎம்5இலும் இன்டெலின் எல்ஜிஏ1700இலும் போர்டில். எங்கிருந்தாலும் மூலையில் உள்ள சின்ன முக்கோணக் குறி இரண்டும் சேர வேண்டும், அழுத்தவே கூடாது, தானாக விழும். ஏஎம்4இல் கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுத்தால் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கி அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமும் திருகித் தளர்த்திய பிறகு எடுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிசகுகள் சில்லறைதான். பிராசசர் பக்கத்து 4+4 பின் வயரை மறந்துவிடுவது. எம்.2 ஹீட்சிங்கின் கீழுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டுவது. போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில், போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ் ஒன்று நின்று ஷார்ட் ஆவது. பவர் பொத்தான் வயரைத் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும், எல்இடி வயர்களுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டும். திரை வராவிட்டால் போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கார்டு), பூட் (எஸ்எஸ்டி) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கிறதா பாருங்கள். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. டிடிஆர்5 கணினி முதல் முறை எழும்போது ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். செத்துவிட்டது என்று நினைத்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள்.

எர்த்திங் இல்லாத வீடுகளில் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். எஸ்எம்பிஎஸ் மேல் குற்றம் இல்லை. எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்டும் கெபாசிட்டர்கள் சிறு கசிவு மின்னோட்டத்தை எர்த் வழியே இறக்கிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். எர்த் இல்லாவிட்டால் அது கேபினட் உடம்பிலேயே நிற்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டுக்கு எர்த் இழுக்கச் செய்ய வேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு விளையாடுவது தீர்வாகாது.

யூபிஎஸ் விற்கும்போது சொல்லும் 600 விஏ என்பது பெரும்பாலும் 360 வாட்ஸ்தான். மேலே கூட்டிய 248 வாட்ஸோடு எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதும் மானிட்டரும் சேர்ந்தால் 310, 320 ஆகும். விளையாட்டு நடுவே கரண்ட் போனால் திணறும், பாட்டரி பழசானால் விழும். 1000 விஏவுக்குக் குறையாமல் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் சைன் வேவ் வகைதானா என்று உறுதிசெய்துகொண்டு, பின்னால் உள்ள சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் நீளம், அதற்குள் எஸ்எம்பிஎஸ் மூச்சை விட்டுவிடும், கணினி அணையும்.

ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் குறையும் என்று ஆசை காட்டுவார்கள். கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அந்த ஆசைக்கு இணங்காதீர்கள். பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கிறதா, அது பெட்டியிலும் பாகத்திலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன் பாருங்கள். அட்டைப்பெட்டிகளைப் பரண் மேல் போட்டு வையுங்கள். வாரன்டிக்கு அனுப்பும் நாளில் வேறெந்தப் பெட்டியிலும் கார்டு பத்திரமாக உட்காராது.

எல்லாம் முடிந்து வீட்டில் மேசையில் வைத்த பிறகு, மானிட்டர் வயரைப் போர்டின் பின்பக்கம் செருகாமல் அதற்குக் கீழே கிடைமட்டமாக இருக்கும் கார்டின் இணைப்பில் செருகுங்கள். 5600ஜி, எஃப் இல்லாத இன்டெல் மாதிரி உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் போர்டில் செருகினாலும் படம் வரும். கார்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், விளையாட்டு மட்டும் நத்தை வேகத்தில் ஊரும். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் அட்வான்ஸ்டு என்பதற்குள் போய் 60 என்று நிற்கும் ஹெர்ட்ஸை 144க்கோ 165க்கோ மாற்றுங்கள். பட்டியலில் அந்த எண் இல்லாவிட்டால், பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும் டிஸ்பிளேபோர்ட் வயரை எடுத்து மாட்டுங்கள்.